கோந்தரில் ஒரு நோன்புக்காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

எத்தியோப்பியாவில் கோந்தர் என்ற ஊரில் சில வருடங்கள் ஆசிரியராக இருந்தேன். நம் ஊரிலிருந்து அங்கே பாடம் நடத்தப் போனவர்கள் நிறையப் பேர். நான் பாளையங்கோட்டைக்காரன், கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். வேதத்தைப் பற்றி அங்கே புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் போனேன்.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் மகனை விட்டுக் கேட்கச் சொன்னார்: "உங்கள் ஊருக்கு இந்த நம்பிக்கை எப்போது வந்தது?" ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த கதையைச் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். அவர்கள் நாட்டில் 4ஆம் நூற்றாண்டிலேயே எசானா அரசர் தம் காசுகளில் சிலுவையைப் பொறித்திருக்கிறார்! முதல் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் தோமையாரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்புறம் நோன்பு வந்தது. ஈஸ்டருக்கு முன் 55 நாள். இறைச்சி, பால், நெய், முட்டை எதுவும் கிடையாது. பலர் பிற்பகல் மூன்று மணி வரை தண்ணீர்கூடத் தொடுவதில்லை. இது போக, ஈஸ்டரை அடுத்த 50 நாள் தவிர, வருடம் முழுக்கப் புதனும் வெள்ளியும் உண்டு. யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுக்க உடன்பட்டது புதன், சிலுவை வெள்ளி. இறைச்சிக் கடைகள் மூடிக் கிடக்கும். எந்த ஓட்டலில் கேட்டாலும் புளித்த இஞ்சேராவும், அதன் மேல் கடலைமாவில் காய்ச்சிய ஷிரோவும்தான். இஞ்சேரா என்றால் நம் ஆப்பத்துக்கு அண்ணன் மாதிரி.

ஈஸ்டருக்கு முன் வரும் நம் தவக்காலமான லெந்து நாட்களில் நானும் ஏதாவது ஒன்றை விடுவேன். ஒரு வருடம் காப்பி, ஒரு வருடம் மீன். எதை விடுவது என்று நானே முடிவு செய்வேன். விட்டதை நாலு பேரிடம் சொல்லியும் வைப்பேன். அங்கே யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. ஊரே பசியோடு இருக்கும்போது சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

அவர்கள் ஈஸ்டரைக் கணக்கிடும் முறை வேறு. அந்த வருடம் எங்கள் ஈஸ்டர் முன்னதாகவே வந்துவிட்டது. சரி, என் கணக்கு முடிந்தது என்று, கதவைச் சாத்திக்கொண்டு ஆம்லெட் போட்டேன். வாசனைக்குக் கதவு ஏது? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தட்டு ஷிரோ வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஆம்லெட்டை நிறுத்திவிட்டேன்.

அவர்களுடைய ஈஸ்டர் இரவு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நம் ஊர்க் கோயிலில் செய்வது போலத்தான், மணிக்கணக்காக நின்றார்கள். முதியவர்கள் நீண்ட கோலில் சாய்ந்துகொண்டார்கள். கீயஸ் என்ற பழைய வழிபாட்டு மொழியில் பாட்டும் முரசும் ஓயவில்லை. எனக்கு ஒரு சொல் புரியவில்லை, கால் மட்டும் வலித்தது.

வீடு திரும்பியபோது விடியற்காலை. கோழிக்குழம்பு தயாராக இருந்தது. நேசத்தைக் காட்ட, ஒரு வாய் உணவை உருட்டி மற்றவர் வாயில் ஊட்டுவார்கள் அங்கே. குர்ஷா என்று பெயர். தம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, அம்மா முதல் கவளத்தை உருட்டி, அதில் முட்டையும் ஒரு துண்டு வைத்து, என் பக்கம் நீட்டினார்.