எந்த வருஷத்துக்கு வந்திருக்கிறார்கள்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பழைய தொலைக்காட்சி நினைவுகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். தூர்தர்ஷன் காலத்தைப் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் என் மனதில் முதலில் வந்து நின்றது அமெரிக்காவின் ஒரு கேபிள் சேனல். கேம் ஷோ நெட்வொர்க் என்று பெயர். 1994 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. அங்கே ஐம்பதுகளிலிருந்து வந்த பழைய போட்டி நிகழ்ச்சிகளை இரவு பகலாக மறுஒளிபரப்பு செய்வதுதான் அதன் வேலை. அதன் நல்ல காலத்தை இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களில் நானும் ஒருவன்.

1998-இல், பொங்கல் முடிந்த கையோடு நியூஜெர்ஸிக்கு வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் ராத்திரி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வேலை முடியும். ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா, எண்பதைத் தாண்டியவர், தூக்கம் வராதவர். பனியில் நடந்து வந்து கதவைத் திறந்தால் கீழே டிவி வெளிச்சம் தெரியும். ஒரு நாள், "டீ குடிக்கிறாயா?" என்று கேட்டார். உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் பேசியதெல்லாம் ஒரே குறை. "என் ஆட்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள்" என்றார். உறவுக்காரர்கள் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி மார்க் குட்சன், பில் டாட்மன் என்ற இரண்டு தயாரிப்பாளர்களின் கம்பெனியில் பிறந்தவை. சேனல் அவற்றை ஒப்பந்தம் போட்டுத்தான் காட்டிக்கொண்டிருந்தது. 1997 அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மறுநாளிலிருந்து சேனலின் உரிமையாளரான சோனி கையில் சொந்தமாக இருந்த நிகழ்ச்சிகள்தான். ஆறு மாதத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. ரசிகர்கள் அதற்கு 'இருண்ட காலம்' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் களப்பிரர் காலத்தை அப்படித்தானே படித்தோம்! அந்தப் பெயரைக் கேட்டபோதே இந்த மனிதர்கள் எனக்கு நெருக்கமாகிவிட்டார்கள்.

ஏப்ரலில் நிகழ்ச்சிகள் திரும்பி வந்தன. அப்புறம் எனக்கும் அந்த அம்மாவுக்கும் ராத்திரி வழக்கம் ஒன்று உண்டானது. நடுநிசி தாண்டி கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகள் வரும். அதில் 'வாட்ஸ் மை லைன்?' என்று ஒன்று. 1950-இலிருந்து 1967 வரை, பெரும்பாலும் ஞாயிறு ராத்திரி பத்தரை மணிக்கு சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. ஒருவர் வந்து பலகையில் தன் பெயரை எழுதுவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று நான்கு பேர் ஆம், இல்லை என்ற பதிலை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் வந்தவருக்கு 5 டாலர். பத்து 'இல்லை' வந்தால் ஆட்டம் முடிந்தது, 50 டாலர். பரிசு அவ்வளவுதான். கேள்வி கேட்கிற பெண்கள் விருந்துக்குப் போவதுபோல் உடுத்தியிருப்பார்கள். ஆண்கள் கழுத்தில் போ டை. கடைசியில் பிரபலம் ஒருவர் வருவார், அப்போது நான்கு பேருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். ஓவியர் சால்வதோர் டாலி வந்த ராத்திரியில், எதைக் கேட்டாலும் அவர் ஆம் ஆம் என்று தலையாட்ட, நிகழ்ச்சியை நடத்திய ஜான் டேலி தவித்துப்போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இதெல்லாம் மிஞ்சியதே பெரிய விஷயம். அந்தக் காலத்து வீடியோ டேப் விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதே டேப்பில் இன்னொன்றைப் பதிவு செய்துகொள்வார்கள். 1964-இல் தொடங்கிய முதல் 'ஜெப்பர்டி' வினாடி வினா கிட்டத்தட்ட பதினொரு வருஷம் ஓடியது. இன்றைக்கு இருப்பது ஒரு கைப்பிடி எபிசோடுகள். 'வாட்ஸ் மை லைன்?' தப்பித்ததற்குக் காரணம், டிவி திரையையே கேமரா வைத்துப் படச்சுருளில் பிடித்து வைத்திருந்ததுதான். முதல் இரண்டு வருஷத்தில் பெரும்பாலானது போய்விட்டது. 1952-க்கு அப்புறம் அநேகமாக முழுசாகக் கிடைக்கிறது.

முழுசாக என்ற சொல்லை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேனலின் நல்ல காலம் எது என்று கேட்டால் ரசிகர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆரம்ப மூன்று வருஷம் என்பார் ஒருவர். இல்லை, இருண்ட காலம் முடிந்ததிலிருந்து 2003 வரை என்பார் இன்னொருவர். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது வரிசை. பழைய நிகழ்ச்சிகளைத் தேதி வரிசையில், அநேகமாக ஒன்று விடாமல் காட்டினார்கள். வாரத்துக்கு ஒன்றாக வந்தது ராத்திரிக்கு ஒன்றாக வரும். ஒரு வருஷம் ஏழெட்டு வாரத்தில் முடிந்துவிடும். இருந்தாலும் அது வருஷம்தான். அதில் கிறிஸ்துமஸ் வரும், தேர்தல் வரும். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரிவரை போவதுபோல ஒரு கூட்டத்தின் வாழ்க்கை நம் கண்முன் நடந்துகொண்டே இருக்கும்.

வரிசையாகப் பார்த்தால்தான் தெரிகிற விஷயங்கள் உண்டு. பகலில் 'மேட்ச் கேம்' வரும், எழுபதுகளின் நிகழ்ச்சி. ஜீன் ரேபர்ன் நீள மைக்கைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு சொல் விடுபட்ட வாக்கியத்தைப் படிப்பார். ஆறு பிரபலங்கள் விடுபட்ட சொல்லை அட்டையில் எழுதுவார்கள். போட்டியாளர் சொல்வதும் அவர்கள் எழுதியதும் பொருந்த வேண்டும். அந்த ஆறு பேரில் கீழ்வரிசை நடுவில் ரிச்சர்ட் டாசன். ஆரம்பத்தில் அவர் சிரித்தால் அரங்கமே சிரிக்கும். கடைசிப் பெரிய பணச் சுற்றுக்கு யாரைத் துணைக்கு எடுப்பீர்கள் என்றால், போட்டியாளர்கள் அநேகமாக அவரைத்தான் காட்டுவார்கள். 1976-இல் அவருக்கு 'ஃபேமிலி ஃப்யூட்' என்ற இன்னொரு போட்டியை நடத்துகிற வேலையும் கிடைத்தது. 1978-இல் 'மேட்ச் கேம்' நிகழ்ச்சியில் ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். யார் துணை என்பதை இனி சக்கரம்தான் சொல்லும். அதன் பிறகு டாசன் முகத்தைப் பார்க்க வேண்டும். சிரிப்பு குறைகிறது. பதில் ஒற்றைச் சொல்லாகிறது. அந்த வருஷமே விலகிவிட்டார். ஏதோ ஒரு எபிசோடை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் சிடுமூஞ்சி. நாங்கள் ஐந்து வருஷத்தை நாள் நாளாகப் பார்த்தோம். எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொரு ராத்திரி. 'ஐவ் காட் எ சீக்ரெட்' நிகழ்ச்சி, 1956 பிப்ரவரி. சாமுவேல் சீமோர் என்ற 95 வயதுக் கிழவர் வந்து உட்காருகிறார். அவருடைய ரகசியம் என்ன? ஐந்து வயதில், 1865-இல், ஃபோர்ட்ஸ் தியேட்டரில் லிங்கன் சுடப்பட்டபோது அவர் உள்ளே இருந்தார். மாடத்திலிருந்து ஒருவன் கீழே விழுந்ததைப் பார்த்து, ஐயோ பாவம், அடிபட்டுவிட்டதே என்று அந்தக் குழந்தை நினைத்தது. சுட்டவனே அவன்தான். சீமோர் இரண்டு மாதத்தில் காலமானார். அந்த ராத்திரி வீட்டுக்கார அம்மா வெகுநேரம் பேசவில்லை. அந்த ஒளிபரப்பை முதல் தடவையே பார்த்திருந்தாராம், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க.

அப்புறம் 1965 வந்தது. 'வாட்ஸ் மை லைன்?' குழுவில் டாரதி கில்காலன் என்ற பத்திரிகையாளர், ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தவர். விடாக்கண்டர். ஒரு சின்ன நுனி கிடைத்தால் போதும், நூலைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார். 1965 நவம்பர் 7-ஆம் தேதி நேரடி ஒளிபரப்பில் கலந்துகொண்டார். மறுநாள் தன் வீட்டில் இறந்துகிடந்தார். வயது 52.

திரையில் அக்டோபர் வந்ததுமே அந்த அம்மா அமைதியிழந்துவிட்டார். அந்த நவம்பர் ராத்திரி நிகழ்ச்சி முழுக்க டாரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாரதி வழக்கம்போல் கேள்வி கேட்டார், முடிவில் விடைபெற்றார். அந்த அம்மா எழுந்து போய் அடுப்பில் கெட்டிலை வைத்தார். "அன்றைக்கு எனக்கு ஒரு வாரம் இருந்தது. இப்போது ஒரு ராத்திரிதான்" என்றார். மறுநாள் ராத்திரி, அடுத்த வார நிகழ்ச்சி. டாரதியின் நாற்காலியில் கிட்டி கார்லைல். டேலியும் மற்றவர்களும் டாரதியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள், அப்புறம் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேலான துக்கத்துக்கு நான் துஷ்டி கேட்கப் போனவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

வரிசையில் விழுந்த ஓட்டை ஒன்றையும் சொல்ல வேண்டும். 'ப்ரெஸ் யுவர் லக்' என்ற நிகழ்ச்சியில் பலகையில் விளக்கு ஓடும், பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். தப்பான கட்டத்தில் நின்றால் வாமி என்ற குட்டிச்சாத்தான் வந்து பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விடும். ஒஹையோவைச் சேர்ந்த மைக்கேல் லார்சன் வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்த்து, விளக்கு ஐந்தே தடங்களில்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். 1984-இல் போய் ஆடி 1,10,237 டாலர் ஜெயித்தார். அந்த இரண்டு எபிசோடுகள் மறுஒளிபரப்பில் வராது. பெட்டியில் போட்டுப் பூட்டியதுபோல் பல வருஷம் கிடந்தன. 2003-இல்தான் இந்தச் சேனல் அதை ஆவணப்படமாக்கிக் காட்டியது. லார்சன் 1999-லேயே இறந்துவிட்டார். அவர் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த வருஷமே, 2004 மார்ச்சில், சேனல் தன் பெயரை ஜி.எஸ்.என். என்ற மூன்று எழுத்தாகச் சுருக்கிக்கொண்டது. பிளாக்ஜாக் வந்தது, போக்கர் வந்தது, பந்தால் அடித்துக்கொள்கிற டாட்ஜ்பால் வந்தது. விளம்பரக்காரர்களுக்கு இளைஞர்கள் வேண்டும். ராத்திரி தூக்கம் வராத எண்பது வயதுக்காரருக்கு யார் கார் விற்பார்கள்? அவர்கள் கணக்கு புரிகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. இன்று பஸ்ஸர் என்று இன்னொரு சேனல் 2015-இலிருந்து இந்தப் பழைய நிகழ்ச்சிகளைக் காட்டுகிறது. நல்ல வேலை செய்கிறார்கள்.

வீட்டுக்கார அம்மா 2001-இல் மகள் வீட்டுக்கு, வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். அந்த ஊர்க் கேபிளில் இந்தச் சேனல் இல்லை. பலமுறை கேட்டுப் பார்த்தும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஃபோன் செய்வார். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டு, "சரி, எந்த வருஷத்துக்கு வந்திருக்கிறார்கள்?" என்பார்.

நிகழ்ச்சி மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் காலண்டர்போல் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பேன். அவர் கடைசியாகக் கேட்ட ஞாயிறன்று, 1958 மார்ச் என்று சொன்னேன். "அப்படியானால் டாரதிக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது" என்றார்.

நன்றி. வணக்கம்.