சின்னக் கிளையில் சிக்கிய கட்டி

பக்கவாதம் வந்தவரின் மூளைத் தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை அனுப்பி ரத்தக்கட்டியை எடுப்பது, பெரிய தமனிகளில் பலன் தரும் என்று 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் காட்டிவிட்டன. அதில் இன்று வாதம் இல்லை. கட்டி இன்னும் உள்ளே நழுவி, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கிளையில் சிக்கிக்கொண்டால்? வம்பே அங்கேதான்.

கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஸ்டென்ட் ரிட்ரீவர்: கம்பி வலையைக் கட்டிக்குள் விரித்து, அது பிடித்துக்கொள்ளச் சில நிமிடம் பொறுத்து, அப்புறம் இழுப்பது. மற்றொன்று, கதீட்டரின் வாயைக் கட்டியோடு ஒட்டவைத்து உறிஞ்சுவது. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு.

உறிஞ்சுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியைப் பிடித்திழுக்கும் விசை, கதீட்டர் வாயின் பரப்பைப் பொறுத்தது. சின்னக் கிளைக்குள் நுழைய வேண்டுமானால் கதீட்டரும் சின்னதாக வேண்டும்; விட்டம் பாதியானால் விசை கால் பங்கு. பம்பை மாற்றியும் பயனில்லை; முழு வெற்றிடத்துக்கு மேல் வெற்றிடம் கிடையாதே!

சரி, வலையே மேல் என்று சொல்லிவிடலாமா? வலையை இழுக்கும்போது கட்டியோடு தமனியும் இழுபடுகிறது. வளைந்து நெளிந்த, சுவர் மெலிந்த குழாய் அது. அதிலிருந்து பிரியும் மயிரிழை போன்ற கிளை ஒன்று அறுந்தால் போதும், மூளையைச் சுற்றி ரத்தம் கசியும். பெரிய தமனியும் இழுபடத்தான் செய்யும். ஆனால் அது தாங்கும்.

பெரிய தமனிகளில் இந்த இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆஸ்டர், காம்பஸ் ஆய்வுகளில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சின்னக் கிளைகளுக்கோ அடிப்படைக் கேள்வியே வேறாகிவிட்டது. 2025-இல் எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் என்ற இரண்டு ஆய்வுகளும் மருந்துச் சிகிச்சையோடு கட்டி அகற்றலையும் சேர்த்துப் பார்த்தன. கூடுதல் பலன் தெரியவில்லை. எஸ்கேப்-மீவோவில் நோயாளியின் நிலையை மோசமாக்கிய மூளை ரத்தக்கசிவு, கட்டி அகற்றியவர்களில் 5.4 சதவீதம், மற்றவர்களில் 2.2 சதவீதம். அங்கே முதலில் கையிலெடுத்தது வலையைத்தான்.

இதை வைத்து வலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. யாருக்குச் செய்தோம், எவ்வளவு தாமதமாகச் செய்தோம் என்பதும் கணக்கில் வரும். ஆனாலும், பேச்சுக்குரிய பகுதிக்குப் போகும் கிளை அடைத்து ஒருவர் பேச முடியாமல் கிடந்தால், கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனம் வராது. அங்கே, கதீட்டர் எட்டும் இடமானால், முதலில் உறிஞ்சிப் பார்ப்பேன். ஓரிரு முயற்சியில் கட்டி அசையவில்லை என்றால் நிறுத்திவிடுவேன். நாலாவது தடவை, ஐந்தாவது தடவை என்று போவது நம் பிடிவாதம். ரத்தம் கசிவது அவர் மூளையில்.