காற்று வீசினால் மின்சாரம்: 100 கிலோமீட்டர் உயரத்துக் கணக்கு

தரையிலிருந்து 100 கிலோமீட்டர் மேலே காற்று ரொம்ப மெலிசு. ஆனாலும் அது வீசும்போது அங்கே மின்சாரம் உண்டாகிறது.

(திரையில்: பூமியின் காந்தக் கோடுகள்)

எப்படி என்றால், சூரியனின் புற ஊதாக் கதிர் அங்குள்ள வாயுவை அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரித்துவிடுகிறது. காற்று அடிக்கும்போது அயனிகள் வாயு மூலக்கூறுகளோடு மோதி மோதி அதன் போக்கிலேயே இழுபட்டுப் போகும், எலக்ட்ரான்களோ காந்தக் கோட்டை விட்டு நகராது. இரண்டும் பிரிந்தால் மின்புலம் வந்துவிடும். பகலில், காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இது கிழக்கு நோக்கி இருந்து பிளாஸ்மாவை, அதாவது அந்த அயனி-எலக்ட்ரான் கலவையை, மேலே தூக்கும். இந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால்தான் திருநெல்வேலியில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

சரி, கணினிக்கு வருவோம். அமெரிக்காவில், போல்டர் நகரத்து 'என்கார்' (NCAR) என்ற வளிமண்டல ஆய்வு மையத்தில் உருவான 'டை-ஜிசிஎம்' (TIE-GCM) என்ற கணினி மாடல், சுமார் 97 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்கிறது. காற்றை வைத்து மின்புலத்தைக் கணக்கிட வேண்டும். அந்த மின்புலம் அயனிகளைத் தள்ளும். தள்ளப்பட்ட அயனிகள் திரும்பக் காற்றையே இழுக்கும் அல்லது தடுக்கும். அப்புறம் மாறிப்போன காற்றை வைத்து மறுபடியும் முதலிலிருந்து. ஒன்றை அப்படியே நிறுத்திவைத்து மற்றதை மட்டும் போட்டால் விடை தப்பிவிடும். எனக்கு இந்த மாடலில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

ஆனால் 97 கிலோமீட்டருக்குக் கீழே நடப்பதை யாராவது அதற்குச் சொல்லித்தர வேண்டுமே? 2009 ஜனவரியில் வடதுருவத்துக்கு மேலே, 97 கிலோமீட்டருக்கு வெகு கீழே இருக்கும் அடுக்கு மண்டலத்தில் (ஸ்ட்ராடோஸ்பியர்), சில நாட்களுக்குள் வெப்பநிலை பல பத்து டிகிரி எகிறியது. சூரியன் அப்போது அமைதியாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் எங்கோ பெருவில், லிமாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹிகமார்கா ரேடார், பிளாஸ்மா காலையில் வழக்கத்தைவிட வேகமாக மேலேறுவதையும் பிற்பகலில் கீழே இறங்குவதையும் பார்த்தது!

(திரையில்: துருவத்திலிருந்து பரவும் அலைகள்)

துருவத்தில் நடந்தது வளிமண்டலத்தில் மேலே பரவும் அலைகளை மாற்றியது, அலைகள் 100 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை மாற்றின, காற்று மின்புலத்தை மாற்றியது. அதனால்தான் 'வாக்கம்-எக்ஸ்' (WACCM-X) போன்ற மாடல்கள் தரையிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. கணினிக்குச் சுமை அதிகம்தான், வேறு வழியில்லை. இருந்தும், சூரியன் மறைந்தபின் ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பும் பிளாஸ்மா குமிழிகள் (பிளாஸ்மா குறைந்துபோன பகுதிகள்) இன்றிரவு வருமா, நாளை வருமா என்று உறுதியாகச் சொல்வது எந்த மாடலுக்கும் இன்னும் கைவரவில்லை.