தண்ணீரிலிருந்து தொடங்கட்டும்

(டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், தமிழ் மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கோயில் சபைப் பெரியவர்களே, தாய்மார்களே, நம் அழைப்பை ஏற்று ஆற்றைக் கடந்து உம்லாசியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்டை அயலாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், சனிபோனானி.

2021 நவம்பர் 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகர மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் நிறைவடையும் வேளையில் நாம் கூடியிருக்கிறோம். சட்டப்படி 2026 நவம்பர் தொடங்கி 2027 ஜனவரி முடிவதற்குள் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும். அதன்பின் டர்பனை உள்ளடக்கிய இத்தெக்வினி மாநகராட்சிக்கு ஒரு மேயர் பொறுப்பேற்பார். அவர் எந்தக் கட்சியினர், எந்த இனத்தவர் என்பது பற்றிப் பேச நான் வரவில்லை. யாராக இருந்தாலும் அவர் முதலில் கைவைக்க வேண்டிய வேலை எது, அதை அவரிடம் நாம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் பொருள்.

மேயரைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நாம் வாக்களித்து நேராக அமர்த்துகிறவர் அல்லர் அவர். 2021இல் அமைந்த மன்றத்தில் 222 உறுப்பினர்கள். அவர்களில் 111 பேர் வார்டுகளிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள். அந்த மன்றம்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆகவே மேயர் எனப்படுபவர் பலரின் இசைவோடு மட்டுமே இயங்கக்கூடியவர். ஒவ்வொரு சமூகமும் தனித்தனியே அவர் கதவைத் தட்டித் தன் பங்கைக் கேட்டால், அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு விழா மேடையையும் ஒரு வாழ்த்துரையையும் கொடுத்து அனுப்பிவிட முடியும். எல்லாச் சமூகங்களும் ஒரே வேலையைக் கேட்டால் அப்படி அனுப்புவது கடினம்.

அந்த ஒரே வேலை தண்ணீர் என்று நான் கருதுகிறேன். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், ஆற்றங்கரை ஆகிய நான்கையும் சேர்த்தே தண்ணீர் என்கிறேன். இந்த நகரத்தில் நம் மக்களின் வரலாறு தொடக்கத்திலிருந்தே ஆற்றோடு பின்னிக் கிடக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் இத்துறைமுகத்தில் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறி, மலிவாகக் கிடைத்த ஆற்றோரத் தாழ்நிலங்களில் கீரையும் காயும் பயிரிட்டார்கள். நிலம் மலிவாக இருந்ததற்குக் காரணம் அது வெள்ளம் ஏறும் நிலம் என்பதுதான். உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய ஆலயத்தை வெள்ளம் சிதைத்த பின்னரே, இன்று கேட்டோ மேனரில் நிற்கும் அம்பலவாணர் ஆலயம் 1947இல் எழுந்தது.

1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரைபுரண்டபோது நடந்ததை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை. மாரிமுத்து படவட்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஆக ஆறு பேர், மரங்களும் கூரைகளும் மிதந்து வரும் வெள்ளத்தில் படகை இறக்கி, மீண்டும் மீண்டும் போய்வந்து, 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டன் அறுவர் என்று இன்றும் அவர்களைக் குறிப்பிடுகிறோம். இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தத் தாழ்நிலத்தில் மக்கள் தொடர்ந்து வாழ நேர்ந்தது. 1976இல் ஸ்பிரிங்ஃபீல்டின் தகரக் குடியிருப்பில் மறுபடியும் வெள்ளம் புகுந்தது. அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுதான் ஃபீனிக்ஸ் நகர்ப்பகுதி குடியேறத் தொடங்கியது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைச்சரிவில் தகரக் கொட்டகையில் இருந்தவர்களும் சரிந்தார்கள். கல்வீட்டில் இருந்தவர்களும் சரிந்தார்கள். நகருக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் நாசமாக்கியது. அங்கே குழாயில் மறுபடி ஒழுங்காகத் தண்ணீர் வர மாதக்கணக்கில் ஆயிற்று. என் அக்கா டொங்காட்டில் இருக்கிறார். அவ்வாண்டு ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக, லாரியில் வந்த தண்ணீரை இருபது லிட்டர்க் கேன்கள் இரண்டில் பிடித்து, துணி போட்டு மூடி, பூஜை அறையில் வைத்திருந்தார். பானை கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அரிசி களைந்த நீரை முகம் கழுவ எடுத்து வைத்தார். கூழ் குடிக்க வந்த அண்டை வீட்டு சூலு அம்மாள் ஒருவர், தன் பேரனின் பக்கியில், அதாவது சிறு சரக்கு வண்டியில், வைத்து மூன்றாவது கேன் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய குழாயிலும் தண்ணீர் இல்லை. எங்கிருந்தோ தூரத்திலிருந்து பிடித்து வந்த தண்ணீர் அது. அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கேனின் மூடி நீல நிறம் என்பதையும் மறக்காமல் சொல்வார்.

இனி நகரின் கணக்குக்கு வருகிறேன். நம் மாநகராட்சி மொத்த விலைக்கு வாங்கிக் குழாயில் விடும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது கட்டணமாகத் திரும்பி வருவதில்லை. குழாய் வெடித்தும் கசிந்தும் மண்ணுக்குள் போவது ஒரு பகுதி. மீட்டர் இல்லாத, கணக்கில் வராத இணைப்புகளில் போவது மற்றொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதியைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுத் திண்ணைகளில் சில சொற்கள் புழங்குகின்றன. "நாம் கட்டுகிறோம், அவர்கள் எடுக்கிறார்கள்" என்பது அவற்றுள் ஒன்று. இந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குழாயே வராத இடத்தில் குடும்பத்தோடு வாழ்கிறவர் வேறு எங்கிருந்து நீர் எடுப்பார்? முறையான இணைப்பும், வசதியற்றோருக்கு அளவான இலவச நீரும் கொடுத்தால் அந்த நீர் கணக்குக்குள் வந்துவிடும். வீடொன்றுக்கு மாதம் ஆறாயிரம் லிட்டர் இலவசம் என்னும் கொள்கையை நாடு முழுவதும் ஏற்பதற்கு வழிகாட்டியதே இந்த டர்பன் நகரம்தான். இதில் அனுபவமுள்ள நகரத்துக்கு நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னால் போதும்.

கழிவுநீரைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறோம், ஆனால் அதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நீரேற்று நிலையங்கள் பழுதானபின் கழிவு உம்கேனியில் கலந்து கடலுக்குப் போயிற்று, கடற்கரைகள் மூடப்பட்டன. உணவு விடுதி நடத்துவோர், அலைச்சறுக்கு விளையாடும் இளைஞர், மீன்பிடிப்போர் என எல்லோருக்கும் அது இழப்பு. நமக்கு இன்னும் ஓர் இழப்பு உண்டு. பதினாறாம் நாள் கருமாதிக்கு நாம் போய் நிற்கும் இடம் ப்ளூ லகூன், அந்த ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். இறந்தவருக்குக் கடைசி நீர்க்கடன் செய்ய இடுப்பளவு நீரில் இறங்கும் மகன், அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அஞ்சி நிற்கக் கூடாது. இதை மதக் கோரிக்கையாக நான் வைக்கவில்லை. அதே நீரில்தான் வெள்ளை அங்கி அணிந்த திருச்சபையினர் விடியற்காலையில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

இந்த நகரத்தின் பன்முகத்தன்மையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆனால் நாம் யாருக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் என்பதை நாமே தேர்ந்துகொள்ளவில்லை. 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டம் கோடு போட்டது. என் தாத்தா டர்பன் நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளி. சோம்சு சாலையை ஒட்டிய மாகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் தெலுங்கும் பேசிய தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அந்தக் குடியிருப்பு 1960களில் காலி செய்யப்பட்டது. பெரும்பாலோர் இந்தச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெள்ளையர் பகுதிக்கும் ஆப்பிரிக்கர்களின் உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்பாக நம்மை வைத்தார்கள். நடுவில் ஓடும் ஆறு எல்லைக் கோடாயிற்று. இந்த நகரின் தெருக்களைத் துடைத்தவர்களுக்கு நகரின் தேர்தலில் வாக்கு இருக்கவில்லை. 1924ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் இந்தியரின் நகராட்சி வாக்குரிமைக்கு வழியடைத்தது. 1996 ஜூன் 26 அன்றுதான் இம்மாகாணத்தில் எல்லா இனத்தவரும் சமமாக உள்ளாட்சிக்கு வாக்களித்தோம். என் தந்தை அன்று வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். கோயிலுக்குப் போகும் வேட்டியைக் கட்டியிருந்தார்.

அந்தக் கோடுகள் சட்டத்திலிருந்து அழிந்தும் மண்ணிலிருந்து அழியவில்லை. 2021 ஜூலையில் கலவரமும் கடைக் கொள்ளையும் பரவியபோது அதை நாம் கண்டோம். ஃபீனிக்ஸில் 36 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் நம் அண்டைப் பகுதிகளைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள். அச்சத்தையும் வதந்தியையும் நாம் காரணமாகச் சொல்லலாம். ஆனாலும் அந்த உயிர்களுக்கு முன் நம் தலை குனிகிறது. குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். மேயரின் வேலை வேறு. இன்று ஆப்பிரிக்கர் வாழும் பாம்பாயியில் காந்தியடிகள் 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தொலைவில் நம் தெருக்கள் தொடங்குகின்றன. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. ஒரு பக்கத்து வடிகால் அடைத்தால் மறுபக்கத்து வீட்டுக்குள் நீர் புகும். எல்லை ஓரங்களில் இருக்கும் இந்த வடிகால்களையும், நடைபாலங்களையும், தெருவிளக்குகளையும் முதலில் சீர்செய்ய வேண்டும் என்றே நான் கேட்பேன். இரு பக்கத்து இளைஞர்களையும் ஒரே குழுவில் அமர்த்தி ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குக் குவாரி ரோடு மேற்குக் குடியிருப்பைக் காட்டுவேன். பால்மியட் ஆற்றங்கரையில், உம்கேனியில் அது சேருமிடத்துக்கு மேலே, தகரக் கொட்டகைகள் நெருங்கிய இடம் அது. குடியிருப்போர், மாநகராட்சி அலுவலர், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தார் மூவரும் சேர்ந்து கைப்பேசி வழியே வெள்ள எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை அங்கே உருவாக்கினார்கள். 2022 ஏப்ரல் இரவில் எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததால் மக்கள் வெளியேற முடிந்தது. வீடுகள் போயின, ஆனால் ஆட்கள் மேடேறினார்கள். 1917இல் ஆறு பேர் படகில் செய்ததை அங்கே செய்தி அனுப்பியே செய்தார்கள். இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஆற்றுக்கும் வேண்டும். செய்தி சூலுவிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும்.

மொழி என்றதும் தமிழுக்கு என்ன என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. நம் அரசமைப்பின் ஆறாவது பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நூலகங்களில் தமிழ் நூல்கள் வைக்கச் சொல்லிக் கேட்போம், கேட்க வேண்டியதுதான். அதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. வார்விக் சந்திப்பின் விடியற்காலைச் சந்தையை 2009இல் இடித்து வணிக வளாகம் கட்ட முனைந்தபோது, கீரை விற்ற நம் மூதாட்டிகளும் மூலிகை விற்ற சூலுப் பெண்களும் சேர்ந்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் தனித்தனியே மனுக் கொடுத்திருந்தால் சந்தை இன்று இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

இறுதியாகக் காலக்கணக்கு ஒன்று. மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. அதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் வைக்கும் பொறுப்பைச் சட்டம் மேயர் மீதே சுமத்துகிறது. எனவே புதிதாக வருபவர் பதவியேற்ற சில மாதங்களிலேயே, 2027 மார்ச் முடிவுக்குள், நகரின் பணம் எங்கே போகும் என்று எழுதி வைத்துவிடுவார். அதற்குப் பின்னர்தான் மக்கள் கருத்துக் கேட்பார்கள். ஆனால் எழுதியதை மாற்றுவதைக் காட்டிலும் எழுதும் முன் சொல்வது எளிது. ஆகவே தேர்தல் முடியும் வரை காத்திராமல் இன்றே தொடங்குவோம்.

மண்டபத்து வாசலில் மேசை மீது ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் தெரு, குழாய் உடைந்த அல்லது கழிவு பொங்கிய தேதி, புகார் எண், எத்தனை நாளில் சரியாயிற்று என்று நான்கு பத்திகள் அதில் கோடிட்டிருக்கின்றன. இடப்பக்கத் தாள் சாட்ஸ்வொர்த்துக்கு. வலப்பக்கத் தாள் உம்லாசிக்கு. சூலு எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் இருவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். உணவுக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் ஒரு வரியாவது எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.