பேரியின் தரமும் பழக்கடை நாக்கும்
(திருவையாற்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, கூட்டம் நடத்த மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்த அறங்காவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வேளாண் துறை அலுவலர் அவர்களே, தார் வெட்டும் நாளிலும் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

காவிரிக் கரையில் நின்றுகொண்டு கொடைக்கானல் பேரிக்காயைப் பற்றிப் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது பேரியைக் கலப்பினம் செய்பவருக்கும் வாழை வைப்பவருக்கும் பொது. பதம், இனிப்பு, இருப்புத் தாங்கும் திறன் என மூன்றைச் சொல்ல வந்தேன்.

மேலைநாட்டுப் பேரி இரகங்கள் பலவற்றை மரத்திலேயே பழுக்கவிட்டால் உள்ளிருந்து குழைந்துவிடும். ஆகவே முற்றியதும் பறித்து, குளிரில் வைத்து, பிறகு அறையில் பழுக்கவைத்தே மதிப்பிட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் தோலைச் சீவி, சதையின் உறுதியைக் காட்டும் 8 மில்லிமீட்டர் முனையுள்ள அழுத்தமானியால் குத்திப் பார்ப்பார்கள். பல்லில் மணலாய் நெறுநெறுக்கும் கல் செல்கள் மிகுந்த கனி எவ்வளவு இனித்தாலும் பின்னுக்குத் தள்ளப்படும். விதைநாற்று முதற்கனி காட்டவே பல ஆண்டுகள் ஆவதால், தாய்மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் அத்தனை ஆண்டும் வீண். சட்டியில் இருந்தால்தானே!

இனிப்புக்கு ஒரு கதை உண்டு. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகப் பழக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம், சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெருமிதத்துடன் போனேன். இரண்டு பேரிகளை நறுக்கி, ஒவ்வொரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்தேன், இரண்டிலும் 13. “இரண்டும் ஒன்றுதான் அம்மா” என்றேன். அவர் இரண்டிலும் ஒவ்வொரு கீற்றை மென்றார். கடைப் பையனையும் மெல்லச் சொன்னார். என் கையிலிருந்த மானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது எடுப்பா இருக்கு. அது சவசவன்னு இருக்கு. ஒங்க கண்ணாடிக்குப் பல்லு இல்லையே!” என்றார். பிறகு புளிப்பை அளந்ததில், இரண்டாவது கனியில் அது மிகக் குறைவு. சர்க்கரை ஒன்றாக இருந்தும் புளிப்பில்லாததால் சுவை படுத்துவிட்டது.

இங்கேதான் என் கோரிக்கை தொடங்குகிறது. வாடல் நோய்க்கு ரஸ்தாளியைப் பறிகொடுத்த வயல்கள் நம்மிடம் உண்டு. அந்நோயைத் தாங்கும் புது வாழை வரவேண்டும், வரட்டும். அதில் ரஸ்தாளியின் மணம் இருக்கிறதா என்பதை மானி சொல்லாது. எந்தப் பழ இரகத்தையும் வெளியிடுமுன் சுவை பார்க்கும் குழுவில் வாழைக்காரர் இருவரும் பழக்கடைக்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அகப்பையைப் பிடிப்பவரைக் கேட்காமல் சட்டியை இறக்குவது என்ன முறை?

தலைவர் மணியை அடித்துவிட்டார். இருப்புத் தாங்கும் திறனை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு காபிக்குச் செல்லுங்கள். வணக்கம்.