அலகாபாத்தா, கராச்சியா? ஒரு மாணவியின் கேள்வி

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "இந்தியாவில் விமான சேவை 1911-இல் அலகாபாத்தில் தொடங்கியது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். 1932-இல் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கினார் என்று இன்னொன்றில் இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது.

இரண்டும் உண்மைதான் அம்மா. ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி அங்கிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. கூடவே ஏறக்குறைய 6,500 கடிதங்கள். உலகிலேயே அரசு அனுமதியோடு விமானத்தில் போன முதல் தபால் அதுதான். கடிதத்துக்கு ஆறணா கட்டணம். அந்தப் பணம் ஒரு மாணவர் விடுதிக்குப் போனது. 1961-இல் இதன் பொன்விழாவுக்கு வெளியிட்ட தபால்தலை என் அப்பாவின் ஆல்பத்தில் இருந்தது. விமானத்தைப் பற்றி நான் கேட்ட முதல் கதையே அதுதான்.

என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். விமானம் நம் ஊரில் காலூன்றியது பயணிகளால் இல்லை, கடிதங்களால். 1932-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 15, கராச்சி டிரிக் ரோடு விமானதளம். புஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் டாட்டா தனியாக ஏறுகிறார். பயணி ஒருவரும் இல்லை, தபால் மூட்டைதான். வழியில் ஆமதாபாத்தில் இறங்குகிறார். அங்கே பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? தகர டின்களில், மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்! அப்புறம் பம்பாய் ஜுகு. மழைக்காலம் வந்தால் அந்தத் தளம் சேறாகிவிடும், அதனால் மழை மாதங்களில் பூனாவுக்கு மாறிக்கொள்வார்கள். ஜுகுவில் மூட்டையை வாங்கிக்கொண்டவர் டாட்டாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட். அவர் பெல்லாரி வழியாக அதை நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். அரசு மானியம் எதுவும் தரவில்லை. தபாலைச் சுமந்ததற்கான கூலிதான் வருமானம். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், கடிதம்தான் அந்த விமானத்தைத் தூக்கியது. தேர்வில், முதல் விமானத் தபால் 1911, இந்திய நிறுவனம் வாராவாரம் நடத்திய தபால் சேவை 1932 என்று பிரித்து எழுதுங்கள்.

சரி, இந்தக் கேள்வியை நீங்கள் இன்னொரு விதமாகக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. ஏன் கராச்சி? ஏனென்றால் 1929-லிருந்து லண்டன் தபால் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவன விமானத்தில் அங்கேதான் வந்து இறங்கியது. கடிதம் இருக்கும் இடத்துக்குத்தானே விமானம் போகும்!

இன்னொன்றும் இருக்கிறது. டாட்டா பறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 8 அன்றுதான் இந்திய விமானப்படை சட்டப்படி உருவானது. அதன் முதல் ஸ்குவாட்ரன், அதாவது முதல் விமானப் பிரிவு, 1933 ஏப்ரல் 1 அன்று அமைந்தது. நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள். எங்கே? அதே டிரிக் ரோட்டில்! அன்று அங்கே இளம் அதிகாரியாக நின்ற சுப்ரதோ முகர்ஜி 1954-இல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார். ஒரே தளத்தில் ஆறு மாத இடைவெளியில் தபாலும் ராணுவமும் தொடங்கியிருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பொதுமக்களின் விமானமும் ராணுவ விமானமும் பிறகும் பிரியவில்லை. 1947 அக்டோபர் 27 அன்று, காஷ்மீர்ப் போரின்போது, ஶ்ரீநகரில் சீக்கியப் படைவீரர்களை இறக்கிய டகோட்டா விமானங்களில், பயணிகள் விமான நிறுவனங்களுடையவையும் இருந்தன. அவற்றை ஓட்டியவர்கள் சீருடை போடாத விமானிகள்.

அதற்குள் டிரிக் ரோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1982-இல், முதல் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், 78 வயது டாட்டா கராச்சிக்கே போய், லெபர்டு மாத் என்ற சிறிய பழைய விமானத்தில் ஏறி, மறுபடி பம்பாய்க்குப் பறந்து வந்தார். ஜுகுவில் கூட்டம் காத்திருந்தது.