பனடோல் கொடுக்க முன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். சிறுவர் வாட்டில் 31 வருடம் தாதியாக நின்றவள் நான். தலசீமியா, அதாவது உடம்பில் நல்ல இரத்தம் ஊறாத பரம்பரை நோய், உள்ள பிள்ளைகளைப் பற்றி இந்த வானொலியில் கதைக்கச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் ஏற்ற வேண்டும். அதோடு உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற, இரவில் வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி ஏற்றி, சின்னப் பம்பைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். இப்போது பலருக்குக் குளிசை. இதிலிருந்து மீள ஒரு வழி ஸ்டெம் செல் மாற்று, எலும்பு மச்சை மாற்று என்றும் சொல்வோம். எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற மச்சையைப் பொருந்துகிற ஒருவரிடமிருந்து எடுத்துப் பிள்ளைக்கு ஏற்றுவதுதான் அது. 1981 இல் அமெரிக்காவின் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசாரோவிலும் தலசீமியாவுக்கு அதைச் செய்தார்கள். 1986 இல் வேலூரில் செய்தார்கள். கூடப் பிறந்த ஒரு பிள்ளையின் மச்சை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தினால் வீடே கொண்டாடும். நான் கதைக்க வந்தது அதற்குப் பிறகு வருகிற மாதங்களைப் பற்றி.

கந்தளாயில் வயல் செய்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பழையதை உழுது புரட்டி விதைத்த பிறகு, முளை வரும்வரைக்கும் காவல் இருக்கிறோம் அல்லவா? மாற்றும் அப்படித்தான். புது மச்சை பிடிக்க வேண்டுமென்றால் பழைய மச்சையைக் கடும் மருந்தால் முழுதாக அழிக்க வேண்டும். அப்போது கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளை அணுக்களும் போய்விடும். அவை திரும்ப முளைக்க இரண்டு தொடக்கம் நான்கு கிழமை. அந்த நாட்களில் பிள்ளையின் சொந்த வாயிலும் குடலிலும் சும்மா இருந்த கிருமியே எதிரியாகும். மருந்து ஏற்ற நெஞ்சில் வைத்த குழாய் வழியாகவும் இறங்கும். பிறகு 100 நாள் வரைக்கும் உடம்புக்குள் உறங்கிக் கிடந்த வைரசுகள் எழும்பும். பூஞ்சணமும் வரும்.

வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியதும் பெற்றோர் மூச்சு விடுவார்கள். ஆனால் அவை அனுபவம் இல்லாத புதுக் காவல்காரர். பழக்கம் வர ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். பிள்ளை ஓடி விளையாடும், கன்னம் சிவக்கும், காவல் மட்டும் இன்னும் வந்திருக்காது.

கிண்ணியாப் பிள்ளை ஒன்று இந்தியாவில் மாற்றுச் செய்துவிட்டு வந்தது. நெஞ்சில் குழாய் இன்னும் இருந்தது. முதல் நாளே பார்க்க ஊர் திரண்டுவிட்டது. நான் போனபோது உம்மம்மா வாசலில் நின்றா. கை கழுவுவதைச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டுவிட்டு, "மிஸ்ஸி, தொழுகைக்கு ஒளு எடுக்கிற மாதிரித்தானே?" என்றா. "அது மாதிரித்தான் உம்மா, ஆனா சவுக்காரத்தோட. விரலுக்கு இடையிலயும் நகத்துக்குள்ளயும் தேய்க்கணும்" என்றேன். அடுத்த நாள் தொடக்கம் பைப்படியில் கதிரை போட்டு, மடியில் சவுக்காரப் பெட்டியோடு அவ இருந்தா. மருமகனின் அண்ணனே வந்தாலும் கழுவாமல் உள்ளே விடமாட்டா. தடிமனோடு வந்த சொந்தப் பேரனையே, "நல்லாகிட்டு வாங்க மகன்" என்று திருப்பி அனுப்பினா. இத்தனை வருடத்தில் அப்படியொரு காவலை நான் கண்டதில்லை. கை கழுவுங்கள் என்று நான் இன்னும் பத்துத் தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒரு இரவு 11 மணிக்குப் பிள்ளைக்கு 38.3 பாகை. பிள்ளையின் தாய் பனடோல் பாணி கொடுத்தா. வியர்த்தது, சூடு இறங்கியது, எல்லோரும் நித்திரை கொண்டார்கள். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது பிள்ளையின் கையும் காலும் சில்லென்று, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுத்து இருக்கச் சொன்னார்கள். இருமுகிற சனத்துக்கு நடுவில் ஒரு மணித்தியாலம்! மாற்றுச் செய்த வைத்தியரின் கடிதம் பைக்குள் அடியில் கிடந்தது. யாரோ ஒருவர் அதை வாங்கி வாசித்த பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். குழாய் வழியாக இரத்தத்தில் கிருமி. மூன்று கிழமை வைத்திருந்தார்கள். பிள்ளை தப்பியது.

அந்த வீட்டில் கை கழுவலுக்கு அரை மணித்தியாலம் செலவழித்தேன். பனடோலைப் பற்றி ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. அதனால் கேளுங்கள். மாற்றுச் செய்த பிள்ளைக்கு 38 பாகை, பழைய வெப்பமானியில் 100.4 காட்டினால், பனடோல் கொடுத்துவிட்டு விடியும் மட்டும் பார்த்திருக்கக் கூடாது. காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் கிருமியைக் கொல்லும் மருந்து ஏற வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தாயிற்று, அக்கரைக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. இரவென்றாலும் வெளிக்கிடுங்கள். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே சத்தமாகச் சொல்லுங்கள்: "மச்சை மாத்தின புள்ள, காய்ச்சல்."

எங்கள் திருகோணமலைப் பக்கத்துக்கு இன்னொன்று. மாரி மழையில் வயல் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இருக்கும். தலசீமியா உள்ளவர்களுக்கு அது எளிதில் பிடிக்கும். வழமையாகக் கொடுக்கிற பல மருந்துகளுக்கு அது மசியாது. பிள்ளை வெறுங்காலோடு சேற்றில் இறங்கியிருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு போட்ட ஊசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்துபோகும், வைத்தியர் சொல்லும் மாதத்தில் முதலிலிருந்து போட வேண்டும். சின்னமுத்து ஊசி போன்ற உயிர்க்கிருமி ஊசிகள் மாற்றுச் செய்து இரண்டு வருடம் ஆகும்வரை வேண்டாம். அதுவரை வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் ஊசிகள் ஒன்றும் தவறக் கூடாது. கலியாணத்துக்கு முன் செய்கிற தலசீமியா இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அதற்கு நேரமில்லை. எங்கே செய்யலாம் என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். நன்றி, வணக்கம்.